புளிப்பை அளந்த பேரறிஞர்

புளிப்புச் சுவையை அறிவதற்கு நாவொன்றே போதும். புளியங்காய்க்கும் மாங்காய்க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் கூறிவிடும். ஆனால், எது எத்தனை மடங்கு புளிப்புடையது என்று வினவினால் நா விடை கூறாது. நாவால் கூறவியலாத அவ்விடையை எண்ணால் கூறும் வழியை உலகுக்கு அளித்தவர் டென்மார்க்கு நாட்டு வேதியியல் அறிஞர் சோரன்சன் ஆவார். இன்று மருத்துவமனைகளிலும் வயல்களின் மண்ணாய்வுக் கூடங்களிலும் குடிநீர் நிலையங்களிலும் நாள்தோறும் வழங்கும் பி.எச். என்னும் அளவை அவர் வகுத்ததே. அளவை வகுத்ததோடு அவர் அமைந்துவிடவில்லை. அளந்த நிலையை அசையாமல் நிறுத்திவைக்கும் கரைசல்களையும் தேர்ந்து கொடுத்தார். அவர் பெயரை அறிந்தவர் பலரும் அவருடைய இவ்விரண்டாம் பணியை நினைப்பதில்லை. ஆய்வுக்கூடத்தில் உழைப்பவர்க்கு முதற்பணியினும் இதுவே பெரிதும் பயன்பட்டது என்று கூறுதல் மிகையாகாது.

சோரன் பீட்டர் லாரிட்ஸ் சோரன்சன் 1868ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 9ஆம் நாள் டென்மார்க்கில் ஹாவ்ரபியர் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்திற் பிறந்தார். பதினெட்டாம் வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். மருத்துவம் பயிலவே அவர் முதலில் விரும்பினார். அந்நாளில் அங்கு வேதியியற் பேராசிரியராக விளங்கிய யோர்கன்சன் என்பவரின் பாடங்கள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. மருத்துவத்தை விடுத்து வேதியியலை மேற்கொண்டார். பயிலுங் காலத்திலேயே ஆய்வுக் கட்டுரைக்காகப் பல்கலைக்கழகத்தின் பொற்பதக்கமும் பெற்றார். பின்னர்த் தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகவும், அரசுக் கப்பல் தளத்தின் ஆலோசகராகவும் பணியாற்றிக்கொண்டே, கோபால்ட்டு என்னும் உலோகத்தின் சேர்மங்களை ஆராய்ந்து 1899ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். இதுகாறும் அவர் செய்தவை திறமையான பணிகளே. ஆயினும் அவர் பெயரை உலகறியச் செய்யத் தக்கவை அல்ல.

1901ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்பமாயிற்று. அவ்வாண்டில் அவர் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் வேதியியற் பிரிவுக்குத் தலைவரானார். அவ்வாய்வுக்கூடத்தின் வரலாறு சிறிது கூறத்தக்கது. ஜே. சி. யாக்கப்சன் என்னும் பீர் வடிப்பாலை உரிமையாளர் 1875ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். மதுவைப் பற்றி நாம் எக்கருத்து உடையவராயினும், அச்செல்வர் விதித்த ஒரு விதியைப் போற்றாமல் இருக்கவியலாது. ஆய்வுக்கூடத்திற் காணும் பயனுள்ள முடிவு எதனையும் மறைத்து வைத்தலாகாது. தம் ஆலையின் போட்டியாளர் உட்பட உலகோர் அனைவரும் அறியுமாறு வெளியிடல் வேண்டும் என்பதே அவ்விதி. அங்குப் பணியாற்றிய ஹான்சன் என்பார் தனியொரு வகை ஈஸ்ட்டைப் பிரித்து வளர்க்கும் முறையை 1883இல் கண்டார். அதுவும் பிறர்க்கு மறைக்கப்படவில்லை. அதே ஆண்டில், உணவுப் பொருள்களில் உள்ள நைட்ரஜனை அளக்கும் முறையைக் கெல்டால் என்பார் வெளியிட்டார். இன்றும் தானியத்திலும் பாலிலும் உள்ள புரதத்தை மதிப்பிட அம்முறை கையாளப்பெறுகிறது. கெல்டால் 1900இல் மறைந்தார். அவர் இருந்த இடத்திற்கே சோரன்சன் வந்தார்.

வந்த இடத்தின் தொழிலே அவர் ஆராய வேண்டிய பொருளையும் காட்டிற்று. பார்லியை முளைகட்டி, அதன் மாச்சத்தைச் சர்க்கரையாக்கி, சர்க்கரையை நொதிக்கச் செய்வது வடிப்பாலையின் வேலை. இம்மாற்றங்களை எல்லாம் நிகழ்த்துவன நொதிகள் என்னும் நுண்பொருள்கள். நம் வயிற்றில் புரதத்தைச் சிதைக்கும் பெப்சினும் ஒரு நொதியே. ஈஸ்ட்டில் இருந்து சர்க்கரையை இருகூறாகப் பிளக்கும் இன்வர்டேசும் ஒரு நொதியே. சோரன்சன் இவற்றை ஆராயப் புகுந்தார். புரதம் சிதையுந்தோறும் வெளிப்படும் அமினோ அமிலங்களைப் பார்மலின் கொண்டு அளக்கும் எளிய முறையொன்றை 1907இல் அமைத்தார். ஆனால், அளக்கும் முறை செம்மையாக அமைந்த பின்னும் ஒரு தொல்லை நீங்கவில்லை.

நொதிகளின் விரைவு அமிலத்தைப் பொறுத்து மாறுவது முன்னரே அறிந்த உண்மை. சிறிது அமிலம் சேர்த்தால் நொதி விரைந்து செயற்படும். மிகுதியாகச் சேர்த்தால் அடங்கிவிடும். எவ்வளவு அமிலம் வேண்டும் என்பதில்தான் அறிஞர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டனர். ஒருவர் கூறிய அளவை மற்றொருவர் தம் கரைசலிற் சேர்த்தால் வேறொரு முடிவு கிட்டிற்று. ஒரே ஆய்வுக்கூடத்தில், ஒரே நொதியை இரு தடவை தயாரித்தாலும் முடிவுகள் ஒத்துவரவில்லை. ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த அட்டவணைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிடின் அவற்றால் யாது பயன்? நொதிகளைப் பற்றிய கல்வி முழுவதும் மணல்மேற் கட்டிய வீடாகிவிடும் நிலையில் இருந்தது.

தவறு எங்கே என்பதைச் சோரன்சன் உணர்ந்தார். சேர்த்த அமிலத்தின் அளவு வேறு; அதிலிருந்து விடுபட்டு நீரில் உலவும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு வேறு. இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தையும் ஒரே செறிவில், அஃதாவது பத்தில் ஒரு மோலார் செறிவில், இரு கிண்ணங்களில் எடுத்துக்கொள்வோம். இரண்டையும் எரிசோடாக் கரைசலால் நடுநிலையாக்கினால் இரண்டிற்கும் ஒரே அளவு எரிசோடாதான் செலவாகும். இதனைக் கொண்டு இரண்டும் சம அமிலத்தன்மை உடையன என்று கூறிவிடலாமா? கூறலாகாது. முதற்கிண்ணத்தில் அமில மூலக்கூறுகள் ஏறக்குறைய அனைத்தும் பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தந்திருக்கின்றன. இரண்டாவதில் நூற்றுக்கு ஒன்றேகால் மூலக்கூறுகளே பிரிந்திருக்கின்றன. எஞ்சியவை பிரியாமல் ஒதுங்கி நிற்கின்றன. ஆகவே ஒன்றில் உலவும் அயனிகள் மற்றதிற் போல ஏறத்தாழ 75 மடங்காகும். நொதிக்குத் தென்படுவது உலவும் அயனியே. ஒதுங்கி நிற்கும் அமிலம் அன்று. அதனோடு, நொதிக் கரைசலில் கலந்துள்ள புரதங்களும் பாஸ்பேட்டுகளும் நாம் சேர்க்கும் அமிலத்தின் ஒரு பகுதியைத் தாமே பற்றிக்கொள்கின்றன. எவ்வளவு பற்றும் என்பது ஒவ்வொரு கரைசலுக்கும் வேறுபடும். சேர்த்த அளவை மட்டும் குறித்துவைத்தவர்களின் முடிவுகள் முரண்பட்டதில் வியப்பில்லை.

எனவே உலவும் அயனிகளையே அளத்தல் வேண்டும். அதற்கு மின்முறை ஒன்று இருந்தது. கரிய பிளாட்டினத் துகள் படிந்த தகட்டைக் கரைசலில் தோய்த்து, அதன்மேல் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியிடச் செய்தால், அயனிகளின் செறிவுக்கேற்ப மின்னழுத்தம் உண்டாகும். செறிவு பத்து மடங்கு மாறினால் அழுத்தம் ஏறக்குறைய 0.058 வோல்ட்டு மாறும். முறை நுட்பமானது, ஆனால் மெதுவானது. ஆதலின் சோரன்சன், நிறங்காட்டிகளால் விரைந்து அளக்கும் முறையையும் உடன் வளர்த்தார். லிட்மஸ் போல அமிலத்தில் ஒரு நிறமும் காரத்தில் ஒரு நிறமும் காட்டும் சாயங்கள் பலவற்றை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். புரதமோ உப்போ கலந்தால் நிறம் பிறழ்ந்து பொய் கூறும் சாயங்கள் பல இருந்தன. அவற்றை ஒதுக்கி, நம்பத்தக்க சிலவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்.

அளந்த எண்களை எழுதுவதில் மற்றுமோர் இடர் இருந்தது. ஒரு லிட்டர் தூய நீரில் உலவும் ஹைட்ரஜன் அயனியின் எடை ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. காடி கலந்த நீரில் அது ஆயிரத்தில் ஒரு பங்காக இருக்கலாம். சுண்ணாம்புத் தெளிவிலோ இலட்சங்கோடியில் ஒரு பங்கினும் குறைவே. இத்துணை ஏற்றத்தாழ்வுடைய எண்களைச் சுழியங்களை அடுக்கி எழுதினால் கண் மயங்கும். வரைபடத்தில் ஒரு தாளில் அடங்கவும் மாட்டா. சோரன்சன் சுழியங்களின் எண்ணிக்கையையே அளவாகக் கொண்டார். ஆயிரத்தில் ஒன்று என்பதற்கு 3. இலட்சத்தில் ஒன்று என்பதற்கு 5. கோடியில் ஒன்று என்பதற்கு 7. இடைப்பட்டவற்றுக்கு மடக்கை வாய்பாட்டைக் கொண்டு பின்னங்களைப் பெறலாம். இவ்வெண்ணை ஹைட்ரஜன் அயனி அடுக்கெண் என்று அழைத்து, பி என்னும் எழுத்தாலும் எச் என்னும் எழுத்தாலும் குறித்தார். 1909ஆம் ஆண்டில் வெளிவந்த நீண்ட கட்டுரையில் இஃது இடம்பெற்றது. பி என்னும் எழுத்து எச்சொல்லைக் குறித்தது என்பது பற்றிப் பிற்காலத்தார் பலவாறு வாதிட்டிருக்கின்றனர். அவ்வாதத்தில் நாம் புகவேண்டுவதில்லை. நாம் மறவாதிருக்க வேண்டுவது ஒன்றே: எண் குறையுந்தோறும் அமிலத்தன்மை கூடும்; எண் ஒன்று குறைந்தால் அயனிகள் பத்து மடங்காகும்; இரண்டு குறைந்தால் நூறு மடங்காகும். பி.எச். 5 உடைய நீர் பி.எச். 6 உடைய நீரைவிடச் சிறிதே புளிப்பு மிகுந்தது என்று எண்ணுவோர் ஏமாறுவர்.

அளவுகோல் கிடைத்துவிட்டது. ஆயினும் அளவுகோலால் மட்டும் சோரன்சனின் தொல்லை தீர்ந்துவிடவில்லை. நொதி வேலை செய்துகொண்டிருக்கும்போதே கரைசலின் நிலை மாறிவிடுமாயின், தொடக்கத்தில் அளந்ததனாற் பயன் என்ன? தூய நீரின் இயல்பைக் கருதிப் பாருங்கள். ஒரு லிட்டர் தூய நீரில், பத்தில் ஒரு மோலார் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரே ஒரு கனசென்டிமீட்டர், அஃதாவது சுமார் இருபது துளி, சேர்த்தாற் போதும், பி.எச். 7இலிருந்து 4க்கு இறங்கிவிடும். அயனிகள் ஆயிரம் மடங்காகிவிடும். காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்தாலும், கண்ணாடிக் கலத்திலிருந்து சிறிது காரம் கசிந்தாலும் நீர் தன் நிலை பிறழும். இத்தகைய நீரில் நொதியை இட்டு ஆராய்வது, காற்றில் ஆடும் தராசில் பொன்னை நிறுப்பது போலாகும்.

அமிலம் சேர்ந்தாலும் காரம் சேர்ந்தாலும் தன் நிலையினின்று எளிதில் அசையாத கரைசல் வேண்டும். அத்தகைய இயல்பு சில உப்புக் கலவைகளுக்கு உண்டு என்பதை முன்னரே சிலர் கண்டிருந்தனர். பெர்ன்பாக், ஹூபர்ட் என்னும் பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் இருவர், முளைகட்டிய பார்லியின் சாற்றிலுள்ள பாஸ்பேட்டுகள் இவ்வாறு செயற்படுவதை 1900இல் எடுத்துக்காட்டி, அதிர்ச்சியைத் தாங்கும் பொருளின் பெயரால் அவ்வியல்பைக் குறித்தனர். இரயில் வண்டிப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதாதவாறு இடையே வில்லமைந்த தாங்கிகளைப் பொருத்தியிருப்பதை நாம் கண்டிருக்கிறோம். மோதலின் வேகத்தை அவை தாம் ஏற்றுக்கொள்கின்றன. அக்கருத்தைச் சோரன்சனும் தம் கட்டுரையில் ஆண்டார். தமிழில் நாம் இவற்றைத் தாங்கல் கரைசல்கள் என்கிறோம்.

தாங்கல் கரைசலுக்கு உயிர்நிலை வலிமை குறைந்த ஓர் அமிலம். வலிய அமிலம் தன்னிடமுள்ள அயனிகளை எல்லாம் முதலிலேயே வாரி இறைத்துவிடுகிறது. கையிருப்பு ஒன்றும் இல்லை. மெலிந்த அமிலமோ பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு சிறிதே வெளியிடுகிறது. அதனோடு அதன் உப்பையும் கலந்துவைத்தால் இருவகைக் கையிருப்பும் அமைந்துவிடும். காரம் வந்தால் அமிலம் தன் அயனியைக் கொடுத்து அதனை அடக்கும்; அமிலம் வந்தால் உப்பு அவ்வயனியைத் தான் பற்றிக்கொண்டு அடக்கும். வரவுக்கும் செலவுக்கும் ஈடுகொடுக்கும் களஞ்சியம் போல அக்கலவை விளங்குகிறது.

இனி, எந்த மெலிந்த அமிலத்தைத் தேர்வது? எதுவாயினும் ஆகும் என்று எண்ணலாகாது. ஒவ்வோர் அமிலத்திற்கும் ஓர் எண் உண்டு. அமிலமும் அதன் உப்பும் சரிபாதியாக இருக்கும்போது கரைசலின் பி.எச். எதுவோ, ஏறத்தாழ அதுவே அவ்வமிலத்தின் எண். அசெட்டிக் அமிலத்திற்கு அது 4.76. போரிக் அமிலத்திற்கு 9.24. பாஸ்பாரிக் அமிலம் மூன்று படிகளில் அயனிகளைத் தருவதால் அதற்கு 2.15, 7.20, 12.35 என மூன்று எண்கள். கரைசல் செறிவானால் இவ்வெண்கள் சிறிது நகர்வதும் உண்டு. நாம் வேண்டும் பி.எச். இவ்வெண்ணுக்கு அருகில் இருந்தால்தான் அமிலமும் உப்பும் இரண்டும் போதிய அளவில் இருக்கும். எண்ணினின்று ஒன்று விலகினால், ஒன்று பத்துப் பங்கும் மற்றது ஒரு பங்குமாகிவிடும். தாங்கும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அதற்கு மேலும் விலகினால் ஒரு பக்கக் களஞ்சியம் ஏறக்குறைய வெறுமையாகும். ஆகவே வேண்டும் பி.எச்.சுக்கு ஒன்று மேலோ ஒன்று கீழோ என்னும் எல்லைக்குள் எண்ணுடைய அமிலத்தையே தேர்தல் வேண்டும்.

இன்வர்டேசைக் கருதுவோம். அது மிக நன்றாகச் செயற்படும் இடம் பி.எச். 4.5க்கு அருகில். பாஸ்பாரிக் அமிலம் தூயது, மலிவானது, எங்கும் கிடைப்பது என்று கருதி அதனைக் கொண்டால் என்னாகும்? 2.15க்கும் 7.20க்கும் இடையே, இரண்டுக்கும் எட்டாத இடத்தில் 4.5 நிற்கிறது. அங்கே பாஸ்பேட்டு தாங்காது. பெயருக்குத்தான் தாங்கல் கரைசல். அசெட்டிக் அமிலமோ 4.76 என்னும் எண்ணுடையது. அமிலம் ஒன்பது பங்கும் உப்பு ஐந்து பங்கும் கொண்டால் 4.5 கிட்டும். எலுமிச்சையின் புளிப்பாகிய சிட்ரிக் அமிலத்துக்கும் மூன்று எண்கள் உண்டு, அவை 3.13, 4.76, 6.40. நடு எண் அசெட்டிக் அமிலத்தின் எண்ணோடு ஒத்திருப்பது தற்செயலே. ஆனால் அம்மூன்றும் நெருங்கி நிற்பது பெரும்பயன் உடையது. ஒன்றின் எல்லை முடியுமுன் மற்றொன்றின் எல்லை தொடங்கிவிடுவதால், இவ்வோர் அமிலமே நெடுந்தொலைவு இடையறாது தாங்குகிறது.

சோரன்சன் தேர்ந்த பொருள்கள் நான்கு வகையின. கிளைசின் என்னும் மிக எளிய அமினோ அமிலம் இரு கோடிகளுக்கும், சிட்ரேட்டு புளிப்புப் பகுதிக்கும், பாஸ்பேட்டு நடுநிலைப் பகுதிக்கும், போரேட்டு காரப் பகுதிக்கும் அமைந்தன. கிளைசினுக்கு 2.35, 9.78 என்று இரண்டே எண்கள். நடுவில் அது பயன்படாது. ஓரிடத்தில் ஒன்று கைவிட்டால் அவ்விடத்தை மற்றொன்று ஏற்றுக்கொள்ளுமாறு இவற்றை வரிசைப்படுத்தியதில் அவருடைய கூர்மை விளங்குகிறது.

அவர் கூறிய பாஸ்பேட்டுக் கரைசலின் செய்முறை இன்றும் மாணவர் கையாளத்தக்க எளிமையுடையது. பொட்டாசியம் இருஹைட்ரஜன் பாஸ்பேட்டு ஏறத்தாழ 9.08 கிராமை ஒரு லிட்டர் நீரிலும், இருசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டின் இரு நீர் மூலக்கூறு கொண்ட படிகம் ஏறத்தாழ 11.87 கிராமை மற்றொரு லிட்டர் நீரிலும் கரைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் பதினைந்தில் ஒரு மோலார் செறிவின. சரிபாதியாகக் கலந்தால் பி.எச். 6.8. முன்னது இரண்டு பங்கும் பின்னது எட்டுப் பங்குமாகக் கலந்தால் ஏறத்தாழ 7.4, இது நம் குருதியின் நிலை. சரிபாதிக் கலவையின் ஒரு லிட்டரில், முன்னர்த் தூய நீரை நிலைகுலையச் செய்த அதே இருபது துளி அமிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். பி.எச். ஆயிரத்தில் மூன்று பங்கு அளவே குறையும். அளக்கும் கருவியும் அதனை உணர்வது அரிது.

எண் பொருந்தினாற் போதுமா என்றால், போதாது. பொருள் தூயதாகக் கிட்டல் வேண்டும். நன்கு படிகமாதல் வேண்டும். காற்றில் நீரை இழுத்தும் இழந்தும் எடை மாறலாகாது. எடை மாறும் பொருளைக் கொண்டு கோபன்ஹேகனில் செய்த கரைசலும் பாரிசில் செய்த கரைசலும் ஒத்திரா. இதனாலேயே சோரன்சன் தம் பொருள்களின் தூய்மையைச் சோதிக்கும் முறைகளையும் விரிவாக எழுதினார். மேலும், தேர்ந்த அமிலம் ஆராயும் பொருளோடு உறவாடலாகாது. பாஸ்பேட்டு, சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்தைக் கண்டால் வெண்படிவாக வீழ்த்திவிடும். கால்சியத்தை வேண்டும் நொதி அங்கே பட்டினி கிடக்கும். சிட்ரேட்டு கால்சியத்தைப் படியச் செய்யாது, ஆனால் தன்னோடு பிணைத்துக்கொள்ளும். போரிக் அமிலமோ சர்க்கரைகள் பலவற்றோடு இணைந்து தன் வலிமையே மாறிவிடும். எண்ணை மட்டும் பார்த்து அமிலத்தைத் தேர்ந்தவர் இவற்றால் இடர்ப்பட்டமை பலமுறை நிகழ்ந்ததுண்டு. பொருத்தம் பார்க்கும்போது நட்சத்திரம் ஒன்றையே பார்த்து, பிள்ளையின் குணத்தைப் பாராது விட்டது போன்றது அது!

இவ்வாறு அளவுகோலும் அசையாத கரைசலும் அமைந்தபின் நொதிகளின் குழப்பம் தெளிந்தது. சேர்த்த அமிலத்தின் அளவை விடுத்துப் பி.எச். எண்ணைக் கீழ்க்கோட்டில் குறித்து வரைந்தபோது, நொதியின் விரைவு ஓர் எண்ணில் உச்சியை அடைந்து இருபுறமும் சரியும் மலை போன்ற வடிவம் தெளிவாகத் தோன்றிற்று. இன்வர்டேசின் உச்சி 4.5க்கு அருகிலும், பெப்சினின் உச்சி அதனினும் மிகக் கீழே, கடும்புளிப்பான 2க்கு அருகிலும் அமைந்தன. ஓரிடத்து முடிவை வேறோரிடத்தார் மீண்டும் செய்து சரிபார்க்கும் நாள் வந்தது.

அளவை பிற நாடுகளிலும் பரவிற்று. ஜெர்மனியில் மிக்கேலிஸ் என்பார் இத்துறையில் பெரிதும் உழைத்து 1914இல் ஹைட்ரஜன் அயனிச் செறிவைப் பற்றித் தனிநூலே எழுதினார். அமெரிக்காவில் ஹெண்டர்சன் என்பார், மெலிந்த அமிலமும் அதன் உப்பும் கலந்த கரைசலில் அயனிகளின் அளவு அவ்விரண்டின் விகிதத்தைப் பொறுத்தது என்று 1908இலேயே சமன்பாடு வகுத்திருந்தார். டென்மார்க்கு மருத்துவ அறிஞர் ஹாசல்பால்க் 1916இல் அதனைச் சோரன்சனின் அளவைக்கேற்ப மடக்கை வடிவில் மாற்றியமைத்தார். அவர் ஆராய்ந்தது மனிதக் குருதி. குருதியின் பி.எச். 7.4. அதைத் தாங்குவதிற் பெரும்பங்கு கொண்ட கார்பானிக் அமிலத்தின் எண் உடல் வெப்பத்தில் 6.1. இடைவெளி ஒன்றேகாலுக்கு மேல். அமிலம் ஒரு பங்குக்கு உப்பு இருபது பங்கு. மேலே கண்ட விதிப்படி இது தகுந்த தேர்வன்று. ஆயினும் கண்ணாடிக் குடுவைக்கு இல்லாத ஓர் உறுப்பு உடலுக்கு உண்டு. நுரையீரல் கரியமில வாயுவை மூச்சுதோறும் வெளியேற்றி அமிலத்தின் அளவை ஒழுங்கு செய்கிறது. சிறுநீரகம் உப்பின் அளவைக் காக்கிறது. எனவே தகாத அமிலமும் அங்கே தக்கதாகிறது. நீரிழிவு முற்றிய நோயாளியின் குருதி 7 என்னும் எண்ணை நெருங்கும்போது உயிருக்கே இடர் என்பதை மருத்துவர்கள் அறியலாயினர். அதற்குரிய அளவை வடிப்பாலை ஆய்வுக்கூடத்திலிருந்தே வந்தது.

சோரன்சன் தாம் கண்டதையே முடிந்த முடிபாகக் கொள்ளவில்லை. அயனிகளின் செறிவையன்றி அவற்றின் செயல்திறனையே மின்முறை காட்டுகிறது என்னும் புதிய கொள்கை தோன்றியபோது, இளையவரான லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் என்பாரோடு சேர்ந்து 1924இல் தம் அளவையின் பொருளைத் தாமே திருத்தியமைத்தார். இதற்கிடையே புரதங்களின்பால் அவர் கருத்துச் சென்றது. கோழி முட்டையின் வெண்கருவிலுள்ள ஆல்புமினைத் தூய படிகமாக்கி ஆராய்ந்து 1917இல் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாய்வில் மார்கரெத் ஹோய்ரப் என்னும் பெண் அறிஞர் உடனுழைத்தார். பின்னாளில் அவ்வம்மையார் சோரன்சனின் துணைவியாக, இருவர் பெயராலும் ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. சவ்வூடு பரவும் அழுத்தத்தை அளந்து ஆல்புமினின் மூலக்கூறு எடை 34,000 என்று கணித்தார். இன்று நாம் அறிந்த மதிப்பு 45,000க்கு அருகில். ஆயினும் புரதங்களும் குறிப்பிட்ட எடையுடைய மூலக்கூறுகளே என்பதைப் பலர் ஐயுற்ற காலம் அது.

நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. 1938ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள் மறைந்தார். அவர் இருந்த இடம் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங்குக்கு உரியதாயிற்று. 1934இல் அமெரிக்கர் பெக்மன் செய்த மின்கருவியால், நாட்கணக்கில் செய்த அளவீடுகளை நிமிடக்கணக்கில் செய்ய முடிந்தது. கருவி எத்துணை நுட்பமாயினும், அதனைப் பயன்படுத்துமுன் பி.எச். அறிந்த தாங்கல் கரைசலில் தோய்த்துச் சரிபார்த்துக்கொள்ளல் வேண்டும்.

தேர்வு முயற்சியும் நின்றுவிடவில்லை. உயிரணுக்களை ஆராய்வோர்க்குப் பாஸ்பேட்டு பல இடங்களில் இடையூறாக இருந்தமையால், நார்மன் குட் என்னும் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 1966இல் பன்னிரண்டு தாங்கற் பொருள்களைத் தேர்ந்து அறிவித்தனர். எண் 6க்கும் 8க்கும் இடைப்பட்டிருத்தல், நீரில் நன்கு கரைதல், உயிரணுவின் தோலை எளிதில் ஊடுருவாமை, உலோகங்களைப் பிணைக்காமை என அவர்கள் வைத்த வரையறைகள் பல. அவற்றுட் சில இன்று ஆய்வுக்கூடந்தோறும் வழங்குகின்றன. ஆயினும் பாஸ்பேட்டு வழக்கொழியவில்லை. இருசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டு பலவகைப் படிகங்களாகக் கிடைக்கும். பன்னிரு நீர் மூலக்கூறு கொண்டது காற்றில் நீரை இழந்து பொடியாகும். இரு நீர் மூலக்கூறு கொண்ட படிகமே எடை மாறாது நிற்பது. அக்குப்பியின்மேல் சோரன்சன் உப்பு என்னும் பெயரை இன்றும் காணலாம்.